நண்டு கொடுத்த வாக்கு

சிறு பிள்ளையொன்று கேட்ட கேள்விக்கு விடை கூற இயலாமல் நாம் தலைகுனிந்து நின்ற மாலைப்பொழுதொன்று அண்மையில் வாய்த்தது. நாற்பது வயதைக் கடந்து, நெடுங்காலம் கரும்பலகையின் முன் நின்று பழகிய நமக்கு அது புதிய அநுபவம். வகுப்பிலே கேள்வி கேட்பவர் நாம். விடை தேடித் தவிப்பவர் மாணவர். அன்று நிலைமை தலைகீழாயிற்று.

கல்முனைக் கடற்கரையை அடுத்த ஒழுங்கை ஒன்று. அங்கே ஒரு வீட்டின் விறாந்தையிற் பாய் விரித்து நாற்பது பிள்ளைகள் வரையில் அமர்ந்திருந்தனர். நம்மிடம் படிக்கும் மாணவர் ஐவர், முஸ்லிம்கள் மூவர், இந்துக்கள் இருவர், பல மாதம் முயன்று ஒரு சிறுவர் நிகழ்ச்சியைத் தயாரித்திருந்தார்கள். காகிதத்தில் வரைந்து வெட்டிய உருவங்களை அசையச் செய்து எடுத்த படம் அது. ஐந்து பகுதிகள், பகுதி ஒவ்வொன்றும் ஆறு நிமிடம். அதன் நாயகன் ஒரு நண்டு. முதற் பகுதியை அன்று வெள்ளைத் துணியிலே காட்டினார்கள்.

படம் முடிந்தது. பின்னால் நின்ற பெரியோர் கைதட்டினர். பிள்ளைகள் தட்டவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, இன்னும் ஏதோ வரவிருக்கிறது என்று காத்திருந்தனர். அப்போது முன்வரிசையிலிருந்து ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து, துணியைச் சுருட்டிக்கொண்டிருந்த மாணவனிடம் கேட்டாள்: “காக்கா, நண்டு எப்பப் பறக்கும்?”

நண்டு பறக்கவில்லை. அந்தப் பகுதியில் மட்டுமன்று, ஐந்து பகுதிகளில் எதிலும் அது பறக்கவில்லை. ஆனால், பறக்கும் என்று அச்சிறுமியிடம் நாம் சொல்லியிருந்தோம். வாயினாற் சொல்லவில்லை, படத்தினாற் சொல்லியிருந்தோம்.

விஷயம் இதுதான். நிகழ்ச்சி வெளிவருவதற்கு இரண்டு வாரத்துக்கு முன் மாணவர்கள் அரை நிமிட நேரம் ஓடக்கூடிய விளம்பரப் படம் ஒன்றைத் தயாரித்து, அயலவர்களின் கைத்தொலைபேசிகளுக்கு அனுப்பியிருந்தார்கள். இக்காலத்தில் இதனை ‘டீசர்’ என்பர். அதிலே அந்த நண்டு தென்னை மரத்தில் ஏறும். ஓலையொன்றைக் கடித்து அறுக்கும். அதைச் சிறகாகப் பிடித்துக்கொண்டு கடலின் மேல் பறந்து போகும். பார்த்தவர் எல்லாரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம், “மிக நன்று” என்று முதுகிலே தட்டியும் கொடுத்தோம். ஆதலால் அன்று மாலை எழுந்த கேள்விக்கு மாணவர் ஐவர் மட்டுமல்லர், அவர்களின் ஆசிரியராகிய நாமும் பொறுப்பாளியே.

டீசர் என்ற பெயர் புதிது, பொருள் பழையது. நம் கிழக்கிலங்கைக் கூத்துக் களரியை அறிந்தவர்களுக்குக் கட்டியகாரனைத் தெரியாமலிராது. அரசன் களரிக்கு வருமுன்னே அவன் வந்து, வருபவன் இன்னான், இத்தகைய வீரன் என்று கூறி, விடியும்வரை விழித்திருக்கச் சபையோரை ஆயத்தம் செய்வான். அவன் அரசனுடைய கதையைச் சொல்லிவிடுவதில்லை. வரவை மாத்திரம் சொல்லி, காண வேண்டும் என்ற ஆவலை மூட்டிவிட்டு விலகிக்கொள்வான். டீசரின் தொழிலும் இதுவேயாகும். முன்னோட்டப் படம் கதையின் சில துண்டுகளை எடுத்துக் காட்டும். டீசரோ பெரும்பாலும் ஒரு குறிப்பை மாத்திரம் காட்டி மறைந்துவிடும். ஆனால் கட்டியகாரனிடம் ஓர் ஒழுக்கம் உண்டு. வீமன் வருகிறான் என்று அவன் சொன்னால் வீமன் வந்தே தீருவான். அவ்வாறு சொல்லிவிட்டுக் கோமாளியை அனுப்பிவைத்தால் களரி பொறுக்குமா?

இந்த அரை நிமிடப் படத்தைத் தயாரிப்பதிலுள்ள உழைப்பை வாசகர்கள், சிறப்பாக மாணவ வாசகர்கள், அறிந்திருத்தல் நன்று. சினிமாவிலே ஒரு விநாடிக்கு 24 படங்கள் கண்முன் ஓடுகின்றன. சித்திரத்தை அசையச் செய்வோர் உழைப்பைக் குறைக்கும்பொருட்டு ஒரே சித்திரத்தை இரண்டு முறை பதிவு செய்வது வழக்கம். அவ்வாறு செய்தாலும் விநாடிக்கு 12 சித்திரங்கள் வேண்டும். 30 விநாடிக்கு 360 ஆகின்றன. 1908ஆம் ஆண்டிலே பிரான்ஸ் தேசத்தில் எமில் கோல் என்பவர் செய்த முன்னோடிப் படத்துக்கு ஏறக்குறைய 700 சித்திரங்கள் தேவைப்பட்டன. படமோ இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகவே ஓடியது.

நம் மாணவர்கள் நண்டின் உடலையும் கால்களையும் தனித்தனியே வெட்டி நூலினால் இணைத்தார்கள். மேசைக்கு மேலே கைத்தொலைபேசியைக் கீழ்நோக்கிப் பொருத்தினார்கள். ஒரு காலை மயிரிழை அளவு நகர்த்தி ஒரு படம்; மறு காலை நகர்த்தி மறு படம். இவ்விதம் 360 முறை. இதற்குமுன் செய்யவேண்டிய வேலையும் உண்டு. கதையைக் கட்டங்களாக வரைந்து சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டும். குரலையும் ஓசையையும் முதலிலே பதிவு செய்ய வேண்டும். வாயசைவு குரலுக்குப் பொருந்துவது அப்பொழுதுதான். ‘ஆ’ என்று திறந்த வாய், ‘ஈ’ என்று விரிந்த வாய், ‘ஊ’ என்று குவிந்த வாய், ‘ப’வுக்கும் ‘ம’வுக்கும் மூடிய வாய் என்று நான்கு வாய்களை வெட்டி வைத்திருந்தார்கள். வகுப்பிலே எழுத்துக்களின் பிறப்பியலை நாம் நடத்தும்போது கொட்டாவி விட்ட மாணவன் ஒருவன், நண்டுக்கு வாய் வெட்டும்போது நன்னூலைத் தேடி எடுத்துவந்தான் என்பதை இங்கே மகிழ்ச்சியோடு குறித்துக்கொள்கிறோம்.

வெயில் மாறினாற் படத்தின் ஒளி மாறும். ஆதலாற் சன்னல்களைச் சாத்தவேண்டும். மின்விசிறி சுழன்றாற் காகித நண்டு தானாகவே நடக்கும். ஆதலால் அதனையும் நிறுத்தவேண்டும். கல்முனை வெக்கையிலே பூட்டிய அறைக்குள் வியர்வை சொட்டச் சொட்ட மூன்று வாரம் அவர்கள் உழைத்தார்கள். அலையோசையைப் பதிவு செய்ய விடியற்காலையிலே கரைக்குப் போனார்கள். அத்துணை உழைப்பும் ஒரு பிள்ளையின் ஒரு கேள்வியில் ஆட்டங்கண்டது.

அன்றிரவு அவர்களை அழைத்து வைத்துப் பேசினோம். ஒருவன் சொன்னான்: “விளம்பரம் எண்டா கொஞ்சம் கூட்டித்தானே சேர் சொல்லணும்?” அவன் சொன்னதிலே உலக வழக்கு இருக்கிறது. வளர்ந்தவர்களாகிய நாம் கடைத்தெருவிலே எத்தனையோ விளம்பரங்களைக் கேட்கிறோம். ‘இவன் தன் பொருளை விற்கப் பேசுகிறான்’ என்று மனத்தின் ஒரு மூலையிலே நமக்குத் தெரியும், கழித்துக்கொண்டு கேட்கிறோம். குழந்தைக்கு அந்தக் கழித்தற் கணக்குத் தெரியாது. அமெரிக்க உளவியற் சங்கம் அமைத்த குழுவொன்று 2004ஆம் ஆண்டிலே ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்து, எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளால் விளம்பரத்தின் உள்நோக்கத்தை உணர்ந்துகொள்ள இயலாது என்றும், அது கூறுவதை உண்மையென்றே அவர்கள் ஏற்றுக்கொள்கின்றனர் என்றும் எடுத்துரைத்தது. கனடாவிலுள்ள கியூபெக் மாகாணம் 1980ஆம் ஆண்டிலிருந்து 13 வயதுக்குட்பட்டோரை நோக்கி வணிக விளம்பரம் செய்வதைச் சட்டத்தினால் தடுத்திருப்பதும், சுவீடன் தேசம் 1991ஆம் ஆண்டிலே 12 வயதுக்குட்பட்டோரை நோக்கிய தொலைக்காட்சி விளம்பரத்தைத் தடைசெய்ததும் இக்கருத்தை ஒட்டியே.

அப்படியாயின் சிறுவர்க்கு விளம்பரமே ஆகாதோ என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. விடையாக, விளம்பரக் கலையிலிருந்தே பிறந்து, பிள்ளைகளுக்கு நன்மை செய்த ஒரு நிகழ்ச்சியின் வரலாற்றை அவர்களுக்குச் சொன்னோம். ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற பெயரை நம்மவர் பலரும் கேள்விப்பட்டிருப்பர்.

1960களில் அமெரிக்காவிலே எழுத்து இன்னும் தெரியாத சின்னஞ்சிறுவர்கள், தொலைக்காட்சி விளம்பரப் பாட்டுக்களை மாத்திரம் பிழையின்றிப் பாடினார்கள். ஜோன் கன்ஸ் கூனி என்னும் அம்மையாரும், லோயிட் மொரிசெட் என்னும் உளவியல் அறிஞரும் இதனைக் கவனித்தனர். சவர்க்காரத்தையும் சோடாவையும் பிள்ளைகளின் மனத்தில் பதிக்க வல்ல அதே உத்தியால் எழுத்தையும் எண்ணையும் பதிக்கலாகாதா என்பது அவர்களின் சிந்தனை. ஆகவே, அரை நிமிடமும் ஒரு நிமிடமும் ஓடும் கார்ட்டூன் துண்டுகள் விளம்பரம் போலவே செய்யப்பட்டன. விற்கப்பட்ட பொருள் யாதெனில், அரிச்சுவடியின் எழுத்து! பொம்மைகளை ஆட்டுவித்த ஜிம் ஹென்சனும் 1957ஆம் ஆண்டு தொடக்கம் கோப்பி விளம்பரங்கள் செய்து கைதேர்ந்தவரே. அவ்விளம்பரங்களில் ஒவ்வொன்றுக்கும் அவருக்குக் கிடைத்த நேரம் பத்து விநாடிக்குள் அடங்கும்.

இந்நிகழ்ச்சிக்கும் முன்னறிவிப்புப் படங்கள் இருந்தன. 1969ஆம் ஆண்டிலே, நிலையத்தாருக்கு நிகழ்ச்சியை அறிமுகம் செய்யும்பொருட்டு ஹென்சனின் பொம்மைகளைக் கொண்டே ஒரு படம் எடுத்தார்கள். நிகழ்ச்சிக்குப் பொருத்தமான பெயர் கிடைக்காமல் தயாரிப்பாளர்கள் உண்மையிலேயே அப்போது திண்டாடிக்கொண்டிருந்தனர். படத்திலே அதை மறைக்கவில்லை. பொம்மைகள் கூட்டங்கூடிப் பெயர் தேடி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சொற்களை அடுக்கி, வாய் வலிக்கும் நீளப் பெயரொன்றை உருவாக்கித் தாமே திகைப்பதாகக் காட்டினார்கள். தம்முடைய குறையையே நகைச்சுவையாக்கிய விளம்பரம் அது. பின்னர், ‘திஸ் வே டு செசமி ஸ்ட்ரீட்’ என்ற அரை மணி நேர அறிமுக நிகழ்ச்சி 1969 நவம்பர் 8ஆந் திகதி வணிக நிலையமாகிய என்.பி.ஸி.யில் ஒளிபரப்பாயிற்று. இரண்டு நாள் கழித்து, நவம்பர் 10ஆந் திகதி, முதல் நிகழ்ச்சி வந்தது. அறிமுகத்திலே கண்ட பொம்மைகளைப் பிள்ளைகள் நிகழ்ச்சியிலும் கண்டார்கள். கட்டியகாரன் சொன்னபடி அரசன் வந்தான்.

வெளியிடுமுன் அவர்கள் செய்த இன்னொரு காரியம் நம் மாணவர்களைப் பெரிதும் கவர்ந்தது. எட்வர்ட் பாமர் என்ற ஆராய்ச்சியாளர், பிள்ளை பார்க்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்திலே வேறொரு திரையை வைத்து, அதில் ஏழரை விநாடிக்கு ஒரு முறை ஒரு புதுப் படத்தை மாற்றி மாற்றிக் காட்டினார். பிள்ளையின் கண் எந்த இடத்தில் நிகழ்ச்சியை விட்டுப் பக்கத்துப் படத்துக்குத் தாவுகிறதோ, அந்த இடத்திலே நிகழ்ச்சி சுவையற்றது என்று குறித்துக்கொண்டார். 1969 யூலை மாதத்தில் பிலடெல்பியா நகரத்துப் பிள்ளைகளுக்கு ஐந்து பரீட்சார்த்தப் பகுதிகளைக் காட்டிப் பார்த்தார்கள். மனிதர் மாத்திரம் தோன்றிய தெருக்காட்சிகளிற் பிள்ளைகளின் கவனம் சிதறிற்று. அதன் பின்னரே பெரிய மஞ்சட் பறவையும், குப்பைத்தொட்டியில் வசிக்கும் சிடுமூஞ்சிப் பொம்மையும் தெருவுக்கு வந்து சேர்ந்தன. அறிவிற் சிறந்த பெரியோர் பலர் கூடித் திட்டமிட்ட நிகழ்ச்சியைத் திருத்தியவர்கள் மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகளே.

அந்நிகழ்ச்சியின் பெயர் எங்கிருந்து வந்தது என்பதையும் சொன்னோம். அலிபாபா கதையிலே எள்ளின் பெயரைச் சொன்னதும் குகை திறக்கிறதன்றோ? அந்த மந்திரச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. அராபியக் கதையிலிருந்து அமெரிக்கா போன பெயர் 1979ஆம் ஆண்டிலே ‘இஃப்தஹ் யா ஸிம்ஸிம்’ என்று அரபு மொழிக்கே திரும்பி வந்தது. குவைத் நாட்டிலே தயாரான அந்நிகழ்ச்சியில் ஒரு தேசத்தின் பேச்சு மொழியைக் கையாளாமல், எல்லா அரபு நாட்டுப் பிள்ளைகளும் விளங்கிக்கொள்ளத்தக்க பொதுவான செம்மொழி நடையைக் கையாண்டார்கள். இதைக் கேட்டதும் நம் மாணவரிடையே பெரும் விவாதம் எழுந்தது. நம்முடைய நண்டு எந்தத் தமிழில் பேசவேண்டும்?

முதற் டீசரிலே அந்நண்டு தென்னிந்தியத் தொலைக்காட்சிக் கார்ட்டூன்களில் வரும் பேச்சைப் பின்பற்றிப் பேசியது. குரல் கொடுத்த மாணவன் கருங்கொடித்தீவுக்கு அப்பால் அதிகம் சென்றறியாதவன். ஆயினும் கார்ட்டூன் என்றால் அப்படித்தான் பேசவேண்டும் என்று எண்ணியிருக்கிறான். அதில் வியப்பில்லை. அவன் கேட்டு வளர்ந்த கார்ட்டூன்கள் அனைத்தும் அவ்வாறே பேசின.

நம்முடைய பிள்ளைப்பருவம் நினைவுக்கு வந்தது. ரூபவாஹினி நிலையம் 1982 பெப்ரவரி 15ஆந் திகதி தொடங்கியது. அந்நிலையத்திலே, சினிமாத் தொகுப்பாளராகவும் நெறியாளராகவும் புகழ்பெற்ற டைட்டஸ் தொட்டவத்த அவர்கள், 1956இல் வெளிவந்த ‘ரேகாவ’ படத்தைத் தொகுத்த அதே கலைஞர், பிறநாட்டுக் கார்ட்டூன்களைச் சிங்களத்தில் ஆக்கினார். பக்ஸ் பனி என்ற அமெரிக்க முயல் ‘ஹா ஹா ஹரி ஹாவா’ ஆயிற்று. விலங்குகளோடு பேசும் டூலிட்டில் வைத்தியர் ‘தொஸ்தர ஹொந்த ஹித்த’, அதாவது நல்ல மனம் படைத்த டாக்டர், ஆனார். சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், சிங்களக் கிராமத்துப் பேச்சையும் கிண்டலையும் அவற்றின் வாயில் வைத்தார். யுத்த காலத்திலே, கார் பற்றறியில் இயங்கிய அயல் வீட்டுக் கறுப்பு வெள்ளைப் பெட்டியின் முன் அமர்ந்து, மொழி பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் நாமும் அவற்றைக் கண்டு சிரித்தோம். சிங்களப் பிள்ளையின் வீட்டுக்கு அந்த முயல் உறவுக்காரனாக வந்தது. நம் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தது. அந்த வேறுபாடு அன்று நமக்குத் தெரியவில்லை. இன்று தெரிகிறது. 2011ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது, அக்கார்ட்டூன்களோடு வளர்ந்தவர்களுக்கு அது தம் பிள்ளைப்பருவத்தின் ஒரு பகுதியே மறைந்தது போன்றிருந்திருக்கும் என்பது நம் எண்ணம்.

ஆகவே, நண்டு கல்முனைக் கரையின் நண்டாகவே பேசட்டும் என்று முடிவாயிற்று. உடனே மற்றொரு சிக்கல். பிள்ளைகளை அது எவ்வாறு அழைப்பது? “வணக்கம்” என்று தொடங்கலாம் என்றார் இருவர். “அஸ்ஸலாமு அலைக்கும்” என்று தொடங்கலாம் என்றார் இருவர். இரண்டும் நல்ல சொற்கள். ஆயினும், ஒன்றைச் சொன்னால் ஒழுங்கையின் ஒரு பக்கத்துப் பிள்ளை ‘இது நமக்கன்று’ என்று எண்ணிவிடக் கூடும். இதை இவ்வூரில் வாழ்பவர் நன்கறிவர். நாம் இடையிற் புகவில்லை. ஐந்தாமவளாகிய மாணவி சற்று நேரம் யோசித்துவிட்டு, “எங்கட உம்மாவும் பக்கத்து வீட்டு அம்மாவும் எங்களைச் சாப்பிடக் கூப்பிடுற மாதிரிக் கூப்பிட்டா என்ன?” என்றாள். அவ்வளவே. நண்டு இப்போது “வாங்க புள்ளையள், வாங்க!” என்று அழைக்கிறது. இரண்டு பக்கத்துச் சமையலறைகளிலிருந்தும் வரும் குரல் அது.

இனிப் பறக்கும் நண்டின் கதை. பறப்பதில் தவறில்லை என்பதை மாணவர்களுக்கு வற்புறுத்திச் சொன்னோம். கற்பனை பொய்யன்று. ஐந்து பகுதிகளில் ஏதேனும் ஒன்றில் நண்டு பறந்திருந்தால், டீசரில் அது சந்திரமண்டலம் வரை பறந்தாலும் நாம் ஆட்சேபிக்கமாட்டோம். நிகழ்ச்சியில் இல்லாததைக் காட்டிப் பிள்ளையை இரண்டு வாரம் காக்கவைத்ததே பிழை. அச்சிறுமி இரண்டு வாரமாகத் தன் தம்பிக்கு ஓலை பிடித்துப் பறந்து காட்டிக்கொண்டிருந்தாள் என்று அவளுடைய தாயார் பின்னர் சொன்னார்.

அப்படியானால் ஆவலை எதனால் மூட்டுவது? மாணவர்களுக்கு இரண்டு பழைய படங்களைக் காட்டினோம். ஒன்று, இந்தியாவின் பிலிம்ஸ் டிவிஷன் 1957ஆம் ஆண்டிலே வெளியிட்ட ‘த பானியன் டியர்’. டிஸ்னி நிலையத்திலே பணியாற்றிய கிளேர் வீக்ஸ் என்ற சித்திரக்காரர் 1956இல் பம்பாய்க்கு வந்து இந்தியக் கலைஞருக்குப் பயிற்சியளித்தபோது பிறந்த படம் அது. கதையோ புத்த ஜாதகத்திலுள்ள மானின் கதை. கலை எங்கிருந்து வந்தாலும், கதை நம் மண்ணிலிருந்து எழலாம் என்பதற்கு அது சான்று. மற்றொன்று, 1974இல் விஜயா முலே அம்மையார் ஆக்கி, பீம்சேன் அசைவுச் சித்திரம் அமைத்த ‘ஏக் அனேக் அவுர் ஏக்தா’. ஏழு நிமிடப் படம். ஒன்று என்பது என்ன, பல என்பது என்ன என்று பிள்ளைகள் கேட்கும் கேள்வியிலே அது தொடங்குகிறது. வலையில் அகப்பட்ட பறவைகள் வலையோடு ஒருமித்துப் பறந்து போவதிலே அதற்கு விடை கிடைக்கிறது. அங்கும் பறத்தல் உண்டு. ஆனால் அது கேள்விக்குரிய விடையாகப் பறத்தல்.

படம் முடியுமுன்னரே மாணவர்களுக்கு வழி தெரிந்துவிட்டது. அவர்களின் முதற் பகுதியின் பொருள், நண்டு ஏன் பக்கவாட்டில் நடக்கிறது என்பது. அதன் கால் மூட்டுக்கள் பக்கவாட்டிலேயே நன்கு மடங்கத்தக்கவாறு அமைந்திருப்பதே காரணம் என்று படத்திலே காட்டியிருந்தார்கள். விடை கையிலிருக்க, கேள்வியை விட்டுவிட்டு ஓலையைப் பிடித்துப் பறந்திருக்கிறார்கள்!

புதிய டீசர் இவ்வாறு அமைந்தது. கரைவலை இழுப்போர் வரிசையாகப் பின்னோக்கி நடக்கிறார்கள். நாய்க்குட்டி முன்னோக்கி ஓடுகிறது. நண்டு பக்கவாட்டிற் போகிறது, நிற்கிறது, எல்லாரையும் பார்க்கிறது, தன் கால்களைப் பார்க்கிறது. “நான் மட்டும் ஏன் இப்படி?” என்று கேட்கிறது. பின்பு நம்மைப் பார்த்து, “வாங்க புள்ளையள், வாங்க!” என்கிறது. அவ்வளவுதான். முப்பது விநாடி, மீண்டும் 360 படங்கள், மீண்டும் பூட்டிய அறை.

இம்முறை அனுப்புவதற்கு முன் ஏழு பிள்ளைகளை அழைத்துக் காட்டிப் பார்த்தார்கள். பாமர் வைத்த இரண்டாந் திரைக்கு வசதியில்லை. ஆதலால் திரைக்குப் பக்கத்திலே காகிதக் காற்றாடி ஒன்றைச் சுழலவிட்டார்கள். பத்தாவது விநாடியில் நிகழ்ச்சியின் பெயர் பெரிய எழுத்துக்களில் வந்தபோது ஏழு பிள்ளைகளும் காற்றாடியைப் பார்த்தார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு எழுத்தினால் ஆவது என்ன? பெயரை இறுதிக்குக் கொண்டுபோய், நண்டின் வாயினாலேயே சொல்ல வைத்தார்கள். மறுநாள் காற்றாடி கவனிப்பாரின்றிச் சுழன்றது.

முதற் பகுதியை அதே விறாந்தையில் மறுபடியும் காட்டினார்கள். அச்சிறுமியும் வந்திருந்தாள். படம் தொடங்குமுன், குரல் கொடுத்த மாணவன் எழுந்து நின்று, “போன முறை நண்டு பறக்கும் எண்டு காட்டினது எங்கட பிழை” என்று பிள்ளைகளிடம் சொன்னான். நாம் சொல்லச் சொல்லவில்லை, அவனாகவே சொன்னான். கல்லூரியிலே நாம் அளிக்கும் சான்றிதழ்களில் இதற்கு ஓர் இடமில்லையே என்று வருந்தினோம்.

படம் முடிந்ததும் சிறுமி எழுந்தாள். நம் நெஞ்சு சற்றே படபடத்தது. “அப்ப, றால் எப்படி நடக்கும்?” என்று கேட்டாள். ஐவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஆறாவது பகுதிக்குப் பொருள் கிடைத்துவிட்டது.

பெற்றோராகிய வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை கைத்தொலைபேசியிற் காணும் ஒவ்வொரு சிறு விளம்பரமும் அப்பிள்ளைக்குக் கொடுக்கப்படும் வாக்காகும். அது நிறைவேறிற்றா என்று பிள்ளையிடமே கேட்டுப் பாருங்கள். இல்லை என்று பிள்ளை சொல்லுமாயின், அது பொய்யை இனங்காணத் தொடங்கிவிட்டது என்று அறிந்து மகிழுங்கள். மாணவ நண்பர்களுக்கும் ஒன்று சொல்வோம். இந்நாளிலே கைத்தொலைபேசி உள்ள ஒவ்வொருவரும் கட்டியகாரர் ஆகலாம். களரியிலே முன்வரிசையில் அமர்ந்திருப்பது ஆறு வயதுப் பிள்ளை என்பதை மறவாதீர்கள். நீங்கள் சொன்ன அரசன் வரும்வரை அப்பிள்ளை உறங்காமற் காத்திருக்கும்.